நெடுந்தூர நடைபயணத்தில் முதல்முறையா? காலில் இருந்து தொடங்குங்கள்

பாலாற்றைக் காக்கச் சொல்லிப் போன நடைபயணம் ஒன்றில் வாணியம்பாடியில் சேர்ந்து காஞ்சிபுரம் வரை ஏழு நாள் நடந்தேன். இரண்டாம் நாளே, பள்ளிகொண்டா வருவதற்கு முன் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு. தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

1. பயிற்சி. ஒரு நாள் 20 கி.மீ. யாரும் நடந்துவிடலாம். மறுநாள் எழுந்து இன்னொரு 20 நடப்பதில்தான் இருக்கிறது வேலை. எனவே சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடாமல் நடந்து பழகுங்கள். 2021 அக்டோபரில் சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டுப் பழங்குடியினர், நிலக்கரிச் சுரங்கம் வேண்டாமென்று ராய்ப்பூர் வரை சுமார் 300 கி.மீ. பத்தே நாளில் நடந்தார்கள். நாளுக்கு 30! நாற்காலியில் காலம் தள்ளும் நாம் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

2. கால். நான் புது ஷூ வாங்கினேன். நீங்கள் வாங்காதீர்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கும். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ மத்தியானம் கடிக்கும். வாங்கியே தீர வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்பே, சாயங்காலத்தில், கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள்.

கொப்புளம் திடீரென வராது. முதலில் குதிகாலில் ஓர் இடம் சூடாகும். ‘அடுத்த டீக்கடையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நடப்போம் பாருங்கள், அங்கேதான் நான் மாட்டினேன். சூடு தெரிந்த உடனே உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, ஈரம் போகத் துடைத்து, மைக்ரோபோர் பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். முனைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் சாக்ஸில் மாட்டி உரியாது. சில்லறையாகக் கிடைக்கும் குட்டிப் பிளாஸ்திரிகள் வியர்வைக்கு நிற்பதில்லை. கொப்புளம் வந்தே விட்டால், மேல்தோலை மட்டும் உரிக்காதீர்கள். நான் உரித்தேன், மூன்று நாள் நொண்டினேன்.

புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்தே போகிற பெரியவர் ஒருவர்தான் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். “தம்பி, நீ காலைப் பாத்துக்கோ, கோஷத்த நாங்க பாத்துக்கறோம்.”

3. பதாகை. ஃபிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். ஆற்றைக் காக்கப் போகிறவர் கையில் பிளாஸ்டிக்கா? வெள்ளைத் துணி, பெயிண்ட், அவ்வளவுதான். துணியில் ஆங்காங்கே ஓட்டை போடுங்கள். லாரி கடந்து போகிற காற்றில், ஓட்டை இல்லாத துணி ஆளையே இழுக்கும்.

4. பதில். டீக்கடையில் “எதுக்குப்பா நடக்கறீங்க?” என்பார்கள். கோஷத்தைத் திருப்பிச் சொல்லாதீர்கள். 348 கி.மீ. ஆற்றில் 222 நம் மாநிலத்தில் ஓடுகிறது. மணல் போனது, தோல் தொழிற்சாலைக் கழிவு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வளவு போதும். மீதியை உங்களைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள், அவர்கள் கிணற்றுத் தண்ணீர் அது.

பின்சேர்க்கை: சர்க்கரை உள்ளவர்கள் நடக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் நான் சொன்ன அந்தச் சூடே தெரியாது. எனவே ஒவ்வொரு முறை நிற்கும்போதும் காலைக் கண்ணால் பாருங்கள். கொப்புளத்தில் ஊசி வைக்கவே கூடாது.