நெல் தருவோரைக் கூட்டிக் கேளுங்கள்

கிளிநொச்சி, பரந்தன் பகுதிகளில் அரிசி ஆலை நடத்துவோர், தமக்கு நெல் தரும் விவசாயிகள், சாக்கு வியாபாரி, லொறி உரிமையாளர் என ஏழெட்டுப் பேரைக் கொண்ட ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்துக்கொள்வது மிகவும் பயன் தரும். இப்பகுதி வயல்களுக்கு நீர் தரும் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பொறுத்தே சிறுபோகத்தில் (மழை குறைந்த கோடைப் பருவச் செய்கையில்) எவ்வளவு காணி விதைக்கப்படும் என்பது தீர்மானிக்கப்படுவதால், எந்த வாய்க்காலின் கீழ் எந்த நெல்லினம் விதைக்கப்படுகிறது என்பதை முன்கூட்டியே அவர்களிடம் அறிந்து, களஞ்சியத்தையும் கடனையும் அதற்கேற்பத் திட்டமிடலாம். கூட்டத்தை விதைப்புக்கு முன்னரே வையுங்கள். அறுவடை நெருக்கடியில் எவருக்கும் நேரம் இராது. அன்று விலை பேசுவதை அறவே தவிருங்கள். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டியதெனக் கழிக்கும் நிறை போன்ற மனக்குறைகளை, பெரிய காணிக்காரர் மட்டுமன்றி இரண்டு ஏக்கர் செய்பவரும் சொல்ல இடம் கொடுங்கள். அவற்றுள் எதை மாற்றினீர்கள், எதை மாற்ற இயலவில்லை என்பதை அடுத்த கூட்டத்தின் தொடக்கத்திலேயே அறிவியுங்கள்.