ஜாவாவில் சரங்கள்: டிரிம் செய்த பிறகும் இடைவெளி போகாதது ஏன்?

ஜாவா நிரலாக்க மொழியில் முழு எண்ணைத் தாங்கும் 'இன்ட்' ஓர் அடிப்படைத் தரவு வகை. எழுத்துத் தொடரை, அதாவது சரத்தைத் தாங்கும் 'ஸ்ட்ரிங்' அப்படியன்று, அது ஒரு வகுப்பு (பொருள்களை உருவாக்கும் வார்ப்பு). ஆகவே நாம் உருவாக்கும் ஒவ்வொரு சரமும் தனக்கென்று மெதட்களை (அதன்மீது செய்யக்கூடிய செயல்களை) கொண்ட ஒரு பொருள். (இங்கு ஒலிபெயர்த்துள்ள கட்டளைச் சொற்களை நிரலில் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும், மாறியின் பெயரைத் தமிழில் வைக்க ஜாவா தடை சொல்வதில்லை.)

படி 1. முன்னும் பின்னும் ஓர் இடைவெளி விட்டு ஒரு சரத்தை உருவாக்குங்கள்.

ஸ்ட்ரிங் பெயர் = " மலர்விழி ";

படி 2. சரத்தின் நீளத்தைப் பெயர்.லெங்த்() என்று கேட்டு, விடையை அச்சிடுங்கள். ஐந்து எழுத்தும் இரண்டு இடைவெளியும் சேர்ந்து 7 வரும் என்று எதிர்பார்ப்போம், வருவதோ 10. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் 'வி' என்பது வகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள், 'ர்' என்பதில் புள்ளி தனிக் குறியீடு, 'ழி'யும் அவ்வாறே. லெங்த் எண்ணுவது இக்குறியீடுகளையே. தமிழ்ப் பெயருக்கு எழுத்து வரம்பு விதிக்கும் படிவங்களை எழுதுவோர் இதை மறந்துவிடக் கூடாது.

படி 3. இனி, இடைவெளிகளை நீக்கப் பெயர்.டிரிம்(); என்று மட்டும் எழுதிவிட்டு, நீளத்தை மறுபடி கேளுங்கள். இப்போதும் 10தான். பிழைச்செய்தி எதுவும் வராததால் தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. உருவான சரம் ஒருபோதும் மாறுவதில்லை; டிரிம், இடைவெளி நீக்கிய வேறொரு சரத்தை உருவாக்கித் திருப்பித் தருகிறது, நாமோ அதை வாங்கி வைக்கவில்லை.

பெயர் = பெயர்.டிரிம்();

என்று எழுதினால் நீளம் 8 ஆகும். ரீப்ளேஸ், டு அப்பர் கேஸ் முதலிய மெதட்களுக்கும் இதே விதிதான்.

படி 4. பயனர் தட்டச்சு செய்வதைப் படிக்கும் ஸ்கேனர் வழியாக அதே பெயரை 'உள்ளீடு' என்னும் மாறியில் பெற்று, இரட்டைச் சமக்குறியால் (==) ஒப்பிட்டால் 'ஃபால்ஸ்' (பொய்) என்றே விடை வரும். அக்குறி பார்ப்பது இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருள்தானா என்பதை, எழுத்துகளை அன்று. நிரலிலேயே மேற்கோளுக்குள் எழுதிய ஒரே மாதிரியான சரங்களை ஜாவா ஒரே பொருளாகப் பகிர்ந்துகொள்வதால், சில வேளை 'ட்ரூ' (மெய்) வந்து நம்மை ஏமாற்றவும் செய்யும். எழுத்துகளை ஒப்பிட, பெயர்.ஈக்வல்ஸ்(உள்ளீடு) என்றே எழுதுங்கள்.

படி 5. ஒரே கட்டளைகளை ஆயிரம் முறை திரும்பச் செய்யும் லூப்புக்குள் கூட்டல் குறியால் சரத்தை நீட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் பழைய எழுத்துகள் அனைத்தும் புதிய பொருளுக்கு நகலெடுக்கப்படும். அங்கே 'ஸ்ட்ரிங் பில்டர்' வகுப்பின், இறுதியில் சேர்க்கும் அப்பெண்ட் மெதடைப் பயன்படுத்துங்கள். அந்தப் பொருள் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளக் கூடியது. அதிலுள்ள, வரிசையைத் தலைகீழாக்கும் ரிவர்ஸ் மெதடைத் தமிழ்ச் சரத்தில் மட்டும் பயன்படுத்தாதீர்கள்: மெய்யெழுத்தை விட்டுப் பிரிந்த இகரக் குறி சரத்தின் தொடக்கத்தில் தனியே வந்து நிற்கும்.