கம்பளி சீவும்போது கை செய்யும் தவறுகள்

ஆட்டு ரோமத்தை நூற்பதற்குப் பதப்படுத்த இங்கிலாந்தில் வழிவழியாக இருப்பவை இரண்டு கருவிகள். ஒன்று கார்டர்: கைப்பிடி வைத்த பலகை, முகம் முழுக்க வளைந்த மெல்லிய கம்பிப் பற்கள். ஜோடியாகத்தான் பயன்படும். இன்னொன்று கம்பளிச் சீப்பு. நீண்டு கூரான எஃகுப் பற்கள் கொண்டது.

எதற்கு எதை எடுப்பது என்பதிலேயே முதல் தவறு நடந்துவிடும். ரோமம் 3, 4 அங்குலத்துக்குள் இருந்தால் கார்டர். லிங்கன், லெஸ்டர் ஆடுகளின் நீள ரோமத்துக்குச் சீப்புதான். அதைக் கார்டரில் போட்டால் நுனி மடங்கிச் சுருண்டு, நூலில் முடிச்சு முடிச்சாக நிற்கும்.

அப்புறம், ரோமத்தை அப்படியே அள்ளிப் பலகையில் போடுவது. முதலில் கையால் பிரித்து உதறுங்கள். ஆட்டைக் கத்தரிக்கும்போது அதே இடத்தில் இரண்டாவது வெட்டில் விழுந்த அரை அங்குலத் துணுக்குகளைப் பொறுக்கி எறியுங்கள். அவைதான் பின்னால் சின்னச் சின்ன உருண்டைகளாகி உயிரை வாங்கும். எத்தனை முறை சீவினாலும் போகாது.

சீவும்போது அழுத்தாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ரோமத்தை மெல்லிசாகப் பரப்புங்கள், அடியில் பற்கள் தெரிய வேண்டும். மேல் பலகை ரோமத்தை மட்டும் தொட்டுக்கொண்டு போகட்டும். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: சரியாகப் போனால் மெல்லிய சர்ர் என்ற ஓசை. கம்பியோடு கம்பி உரசி 'கறக்' என்றால் கை ஆழமாக இறங்கிவிட்டது; பல்லும் வளையும், ரோமமும் அறும். மெரினோ ஆட்டினுடையது போன்ற நுண்ணிய ரோமம் இன்னும் சீக்கிரம் அறும். நார்கள் ஒரே சீராகப் பிரிந்ததும் நிறுத்திவிட்டுத் திரியாகச் சுருட்டிவிடுங்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சீவினால் கெட்டுத்தான் போகும்.

வலது, இடது என்று பலகைகளில் குறி போட்டு வையுங்கள். ஒவ்வொரு கையின் இழுப்புக்கும் பற்கள் ஒரு பக்கமாகப் பழகிவிடும். பருத்திக்கான கார்டரில் கம்பளியைச் சீவவே வேண்டாம். அதன் பற்கள் நெருக்கமானவை, ரோமத்தின் கொழுப்பு ஒட்டினால் அடுத்து வரும் பஞ்சும் பாழ்.

சீப்பில் ரோமத்தை மாட்டும்போது வெட்டிய முனை பல்லில் இருக்க வேண்டும், நுனி வெளியே தொங்க வேண்டும். இன்னொரு சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கிச் சீவுங்கள். எடுத்த எடுப்பில் நடுவில் இழுத்தால் சிக்கு இறுகும். பழைய தொழிலாளர்கள் சீப்பைக் கரி அடுப்பில் சூடாக்கித்தான் சீவினார்கள். சூட்டில் கொழுப்பு இளகி நார் வழுக்கிக்கொண்டு வரும். பல்லில் தங்கிவிடும் குட்டை நாரை மறுபடி நல்ல திரியில் சேர்க்காதீர்கள், தனியாக எடுத்து வைத்துக் கார்டரில் சீவிக்கொள்ளலாம்.

ஒரு சீப்பை மேசையோடு இறுக்கிப் பொருத்தாமல் வேலை தொடங்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில், வேலை முடிந்த நிமிடமே பற்களுக்கு உறை போட்டுவிடுங்கள்.