பாட்டாவின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறதி நோய் கண்ட பெரியவர் வீட்டைவிட்டு இறங்கிப் போய்விடுவாரோ என்று அஞ்சி இருப்பிடம் காட்டும் கருவி வாங்குகிறவர்கள், முதல் தவறைக் கடையிலேயே செய்துவிடுகிறார்கள். செயற்கைக்கோள்களின் உதவியால் கருவி தன் இடத்தைக் கணித்துக்கொண்டாலும், அதை நமக்குத் தெரிவிக்க அதனுள் சிம் கார்டும் வெளியே செல்போன் கோபுரமும் வேண்டும். 2ஜி மட்டுமே ஏற்கும் மலிவுக் கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை போன்ற மலையோரப் பகுதிகளில் எந்த சிம்மையும் நம்பிவிட முடியாது என்பதால், பெரியவர் வழக்கமாகப் போகும் டீக்கடை, ஆலயம், குளத்தங்கரை வரை கருவியுடன் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் வில்லை இதற்கு ஈடாகாது. அருகில் யாருடைய போனாவது கடந்துபோனால்தான் அது இடம் சொல்லும்.

கருவியின் செயலியில், தாண்டினால் மணி அடிக்கும் எச்சரிக்கை எல்லையை வீட்டைச் சுற்றி வரைவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எங்கள் வீட்டில் எல்லையை மிகச் சிறிதாக வைத்தேன். கான்கிரீட் கூரையின் கீழ் கட்டிலில் படுத்திருந்த அப்பாவை வரைபடம் பக்கத்துத் தென்னந்தோப்பில் காட்டி, இரவெல்லாம் மணி அடித்தது. மூன்றாம் நாள் ஒலியை அணைத்துவிட்டேன். அது அடுத்த தவறு. மிகப் பெரிதாக வைத்தாலோ, மணி அடிப்பதற்குள் அவர் களியக்காவிளைப் பேருந்தில் ஏறியிருப்பார்.

சட்டைப்பையில் ஒளித்து வைப்பதும் பயன் தராது. கண்டுபிடித்த அன்றே, "எனக்கு வழி தெரியாதா மக்கா?" என்று கேட்டுத் தூக்கி எறிந்துவிடுவார்கள். சொல்லிப் புரியவைத்துக் கட்டிவிடுவதே முறை. இரவில் கழற்றி சார்ஜ் போடுவது நமக்கு வசதிதான். ஆனால் மறதி உள்ளவர்களில் பலர் எழுந்து நடப்பது விடியற்காலையில். குளிக்கும் நேரத்திலும் உண்ணும் நேரத்திலும், கூட ஆள் இருக்கும்போது சார்ஜ் ஏற்றலாம்.

எச்சரிக்கை துபாயில் இருக்கும் மகனின் போனுக்கு மட்டும் போவது இந்த மாவட்டத்துக்கே உரிய தவறு. இங்கே காலை 5 மணி என்றால் அங்கே 3.30, அவர் உறக்கத்தில் இருப்பார். அதே செயலி, பைக் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் போனிலும் இருக்கட்டும். வாட்ஸ்அப் நேரலை இருப்பிடம் 8 மணி நேரத்தில் நின்றுவிடும் என்பதால், அதை நிரந்தர ஏற்பாடாகக் கொள்ள வேண்டாம்.

ஆளைக் காணவில்லை என்றால், வரைபடப் புள்ளி நகருமா என்று பார்த்துக்கொண்டிராமல், கடைசியாகக் காட்டிய இடத்துக்கு அருகிலுள்ள குளத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் உடனே ஆள் அனுப்பிவிட்டு அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்க வேண்டும். சிக்னலே இல்லாத இடத்திலும் உதவும்படி, வேட்டி மடிப்பில் தொலைபேசி எண் எழுதிய துணித்துண்டு ஒன்றையும் தைத்துவிடுங்கள்.