பிள்ளை வாங்கிய 'ஏ' நிஜமா? வீட்டிலேயே சோதிப்பது எப்படி

தேர்ச்சி அறிக்கை வரும் வாரத்தில் எங்கள் ஊரான மலேசியாவின் சுங்கை சிப்புட் வாட்சாப் குழுக்களில் எங்கு பார்த்தாலும் 'ஏ' தான். வாழ்த்துங்கள், தப்பில்லை. ஆனால் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இலும் படிவம் மூன்றின் பொதுத்தேர்வான பிடி3 2022இலும் ரத்தானபிறகு, பிள்ளையின் மதிப்பெண்ணில் பெரும்பகுதியைச் சொந்தப் பள்ளியே போடுகிறது. அதனால் கொஞ்சம் நாமும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் எழுத்தை விடுங்கள், மதிப்பெண்ணைக் கேளுங்கள். கீழ்ப்படிவங்களின் (படிவம் 1 முதல் 3 வரை) ஆண்டிறுதித் தேர்வான யுஏஎஸ்ஏவில் 82 எடுத்தால் ஏ, 35க்கே டி, 20 எடுத்தாலும் ஈ, அதுவும் 'குறைந்தபட்ச நிலையை அடைந்தவர்' கணக்குதான். படிவம் நான்கில் பள்ளிகள் எஸ்பிஎம் (படிவம் ஐந்தின் பொதுத்தேர்வு) பாணிக்கு மாறும், அங்கே வழக்கமாக 40க்குக் கீழே ஜி. ஆக, படிவம் மூன்றில் 38 எடுத்து டி வாங்கிய பையன் மறுவருஷம் அதே 38க்கு ஃபெயில்!

அப்புறம், வகுப்பில் செய்ததைப் பார்த்து ஆசிரியர் ஒவ்வொரு பாடத்துக்கும் போடும் அந்த 1 முதல் 6 வரையிலான அடைவு நிலை. எல்லாப் பாடத்திலும் 5, 6 என்று இருந்தால், "டீச்சர், எந்தப் பயிற்சியைப் பார்த்துப் போட்டீங்க, கொஞ்சம் காட்ட முடியுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், குறைத்துப் போட்டால் பத்துப் பேர் கேள்வி கேட்கிறோம், கூட்டிப் போட்டால் ஒருவரும் கேட்பதில்லை, அவர்தான் என்ன செய்வார்?

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? வேறு மாநிலத்தின் பழைய தேர்வுத்தாள் ஒன்றை எடுத்து (புத்தகக் கடையிலும் இணையத்திலும் கிடைக்கிறது) கடிகாரம் வைத்து, கைப்பேசி இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். திருத்துவது நீங்களும் வேண்டாம், டியூசன் வாத்தியாரும் வேண்டாம், பிள்ளையைத் தெரியாத ஓர் ஆசிரியராகப் பாருங்கள். ஐந்து பத்து மதிப்பெண் குறைந்தால் பரவாயில்லை. இரண்டு கிரேடு இறங்கினால் அந்தப் பாடத்தைக் கவனியுங்கள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைக்கு மலாயை இன்னும் கறாராகச் சோதிக்க வேண்டும். பெரித்தா ஹரியான் மலாய் நாளிதழில் ஒரு செய்தியைப் படித்துவிட்டு, பார்க்காமல் நாலு வரி மலாயில் எழுதட்டும். எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாயும் வரலாறும் கட்டாயம் தேறணும், வரலாற்றையும் மலாயில்தான் எழுதணும்.

பல்கலைக்கழகப் பிள்ளை நாலுக்கு 3.7 புள்ளி என்று சொன்னால், அதில் இறுதித் தேர்வு எவ்வளவு, குழு அசைன்மெண்ட் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் படிவம் மூன்று முடிவதற்குள் செய்துவிடுங்கள், படிவம் நான்குக்குப் பாடம் தேர்ந்தெடுத்தபிறகு மாற்றுவது பெரும்பாடு.