டாப் பாக்ஸ் சாவி தொலைந்ததா? நெம்புவதற்கு முன்

பைக்கின் பின்னால் மாட்டும் டாப் பாக்ஸின் சாவியோ பக்கவாட்டில் மாட்டும் சைடு பாக்ஸின் சாவியோ தொலைந்தால் கை முதலில் ஸ்க்ரூ டிரைவரைத்தான் தேடும். அதைக் கீழே வையுங்கள். இந்தப் பெட்டிகளில் மலிவானது பூட்டு, விலை கூடியது மூடி. நெம்பினால் பூட்டுக்கு ஒன்றும் ஆகாது, மூடியின் விளிம்புதான் பிளக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல பூட்டு போட்டாலும் ரப்பர் பீடிங் ஒட்டி உட்காராது. ஐப்பசி மழைக்குப் பெட்டி ஒழுக ஆரம்பித்துவிடும்.

முதல் வேலை சாவியின் எண்ணைத் தேடுவது. பிராண்டட் பெட்டிகளோடு பெரும்பாலும் இரண்டு சாவி தருவார்கள். இரண்டாவது சாவி, பெட்டியைத் தாங்கும் ரேக்கின் நட்டு போல்ட்டு வந்த கவரிலேயே பிரிக்கப்படாமல் கிடக்க நிறைய வாய்ப்பு உண்டு, பில் வைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். சாவி இல்லாவிட்டாலும் அதன் எண் எழுதிய சிறு அட்டையோ பிளாஸ்டிக் வில்லையோ கிடைக்கலாம். அதுவும் இல்லையென்றால் பூட்டின் முகம்தான் கதி. சில கம்பெனிகள் சாவித் துளைக்குப் பக்கத்திலேயே எண்ணைப் பொறித்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷில் துளி மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டு, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் பொறிப்பு கண்ணில் படாது. சென்னையில் எண்ணூர், மணலி பக்கம் ஓடும் வண்டி என்றால் நிலக்கரித் தூசி அந்தப் பள்ளங்களை அடைத்திருக்கும், இரண்டு மூன்று தடவை தேய்க்க வேண்டியிருக்கும். எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதையும் பெட்டியின் மாடல் பெயரையும் போட்டோ எடுத்து டீலருக்கு அனுப்பி, அந்த எண்ணுக்குச் சாவி வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஒரு சாவி கையில் இருந்தால் வேலை சுலபம், செலவும் ஒரு பிரியாணிக் காசைத் தாண்டாது. ஆனால் கம்பெனியோடு வந்த சாவியையே கொடுத்து நகல் எடுங்கள். நகலைப் பார்த்து நகல் எடுத்தால் ஒவ்வொரு முறையும் வெட்டு கொஞ்சம் விலகும். இந்தச் சின்னப் பூட்டுகள் அந்த விலகலைப் பொறுக்காது. மின்ட், பெரம்பூர், மூலக்கடைப் பக்கம் பிளாட்பாரத்தில் சாவிக் கொத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் அரமும் வைஸும்தான் இருக்கும் என்றால், நகல் எடுக்க மெஷின் உள்ள கடைக்குப் போவது நல்லது. சாவியே இல்லாத கேஸுக்கு நிலைமை தலைகீழ்: அங்கே மெஷினால் பயனில்லை, அரம் பிடித்த கைதான் வேண்டும்.

வண்டிச் சாவியே பெட்டிக்கும் சாவி என்ற அமைப்பில், அது சிப் வைத்த சாவி என்றால் பயப்பட வேண்டாம். பெட்டிப் பூட்டு சிப்பைப் பார்ப்பதில்லை. சிப் இல்லாத சாதாரண நகல் பெட்டியைத் திறக்கும், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாது. வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைக்க அதுவே பாதுகாப்பு.

எண்ணும் இல்லை, சாவியும் இல்லை என்றால் பெட்டியைக் கழற்றி எடுத்துப் போகலாம் என்று கிளம்பாதீர்கள். பூட்டிய டாப் பாக்ஸ் ரேக்கை விட்டு வராது. பெரும்பாலான மாடல்களில் மூடியைத் திறப்பதும் பெட்டியைக் கழற்றுவதும் ஒரே பூட்டின் வேலை. சாவி செய்பவரிடம் வண்டியோடு போங்கள். ஆர்.சி.யையும் காட்டத் தயாராக இருங்கள், நல்ல ஆசாமி கேட்பார். ஆர்.சி. பெட்டிக்குள்ளேயே மாட்டியிருந்தால் டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டலாம்.

அவர் பூட்டைத் திறந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். உள்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர், இரண்டு முதல் நான்கு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் பூட்டின் நாக்கும், அதைப் பிடித்திருக்கும் நட்டோ கிளிப்போ தெரியும். சாவி நுழையும் உருளையான பேரலை வெளியே எடுத்தால் அதன் உடம்பில் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றின் கீழும் நூல் போன்ற ஸ்பிரிங். இதை வெறும் தரையில் பிரிக்க விடாதீர்கள். ஒரு ஸ்பிரிங் தெறித்தால் கதை முடிந்தது. ஈரத்துணி விரித்த தட்டின் மேல் பிரிக்கச் சொல்லுங்கள். தகடுகளின் வரிசையும் மாறக் கூடாது.

வெட்டாத பிளாங்க் சாவியை உள்ளே விட்டால் தகடுகள் எல்லாம் பேரலுக்கு மேலே துருத்தி நிற்கும். எது துருத்துகிறதோ அதற்கு நேரே சாவியில் ஊசி அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி உள்ளே விட்டுப் பார்ப்பது. தகடு பேரலோடு மட்டமானதும் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு இழுப்பு கூடினால் தகடு மறுபக்கம் துருத்தும், பிளாங்க் குப்பைக்கு. எல்லாத் தகடும் மட்டமானால் சாவி தயார். பித்தளைப் பிளாங்க்கையே கேளுங்கள். இரும்புச் சாவி காசிமேட்டுக் கடல் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து, அந்தத் துருவைப் பூட்டுக்குள் கொண்டுபோகும். பித்தளை சற்று வளையும், அதனால் சாவியைப் பிடித்து மூடியைத் தூக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே முறிந்த சாவிகளுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

சாவி செய்பவரும் கைவிரித்தால் அலுமினியப் பெட்டிக்கு ஒரு வழி உண்டு: கீல் வெளியே தெரியும்படி ரிவெட் அடித்திருந்தால், ரிவெட்டின் அளவுக்கே பிட் போட்டுத் தலையை மட்டும் சீவி எடுக்கலாம். அளவு வழக்கமாக 4 அல்லது 4.8 மில்லிமீட்டர். பிறகு அதே அளவு ரிவெட் அடித்தால் பெட்டி பழையபடி ஆகிவிடும். பிளாஸ்டிக் பெட்டியில் பேரலையே துளைக்க வேண்டியதுதான். சுற்றிலும் தடித்த டேப் ஒட்டி, சாவித் துளையில் 3 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்கி 6-க்குப் போங்கள், வேகத்தைக் குறைத்து. சூடு ஏறினால் பிளாஸ்டிக் உருகும்.

சாவி வண்டி நிற்கும் இடத்திலேயே காணாமல் போயிருந்தாலோ, பையோடு திருடு போயிருந்தாலோ நகல் எடுத்துப் பயனில்லை, பேரலை மாற்றுங்கள். கிவி (Givi) கம்பெனிப் பெட்டிகளுக்கான செக்யூரிட்டி லாக் செட்டுகளில் எஸ்எல்101 ஒரு பெட்டிக்கு, எஸ்எல்102 இரண்டுக்கு, எஸ்எல்103 மூன்றுக்கு. செட்டில் உள்ளவை எல்லாம் ஒரே சாவியில் திறக்கும். உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். லோக்கல் சைடு பாக்ஸுக்கு இவ்வளவு தேட வேண்டாம். மேஜை டிராயருக்கும் இரும்பு பீரோவுக்கும் போடும் நாக்குப் பூட்டே பல பெட்டிகளுக்குப் பொருந்தும், பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். பழையதையே கையில் எடுத்துப் போய்த் துளை விட்டம், உடம்பின் நீளம், நாக்கின் நீளம், நாக்கு மடிந்திருக்கிறதா, சாவி கால் சுற்றா அரைச் சுற்றா என ஐந்தையும் ஒப்பிடுங்கள். நாக்கு 2 மில்லிமீட்டர் குட்டையானாலே குண்டும் குழியுமான ரோட்டில் மூடி தானாகத் திறந்துகொள்ளும். டிராயர் பூட்டுக்குச் சாவித் துளை மூடி கிடையாது, அதனால் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டுங்கள்.

எந்த வழியில் சாவி வந்தாலும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே பத்துத் தடவை பூட்டித் திறந்து பாருங்கள். சாவி உரசாமல் நுழைய வேண்டும், பூட்டிய நிலையில் சிக்காமல் வெளியே வர வேண்டும். சிக்கினால் கடையை விட்டு நகராதீர்கள். ஏதோ ஒரு வெட்டு ஆழம் தப்பியிருக்கிறது. எண்ணெய் விட்டுச் சமாளிக்கலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். எண்ணெய் இரண்டு நாள் வழவழப்பு தரும், பிறகு லாரித் தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும். கிராஃபைட் தூளைச் சாவியில் தடவி உள்ளே விட்டு எடுப்பதுதான் சரி, மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. சுரங்கப்பாதைத் தண்ணீரில் சைடு பாக்ஸ் முங்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்ந்த பிறகு தூள் போடுங்கள்.