சாலட் பார் உள்ள பழைய அமெரிக்க ஸ்டேக் உணவகத்தில் சாப்பிடும் முறை

தடித்த மாட்டிறைச்சித் துண்டான ஸ்டேக்கைத் தணலில் வாட்டித் தரும் அமெரிக்காவின் பழைய உணவகங்களுக்கு முதன்முறை செல்பவரைத் திகைக்க வைப்பது பெரும்பாலும் இறைச்சியன்று; கூடத்தில் குளிர்ந்த தட்டுகளோடும் கிண்ணங்களோடும் நீண்டு கிடக்கும், வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளும் சாலட் பார்தான். 1959இல் ஹவாயின் வைக்கீக்கியில் தொடங்கிய சக்ஸ் ஸ்டேக் ஹவுஸ் இதன் முன்னோடிகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 1960களிலும் 70களிலும் இவ்வழக்கம் நாடெங்கும் பரவியது. இறைச்சி வேகும் நேரத்தில் வாடிக்கையாளர் தாமே எழுந்து சென்று பசியாற்றத் தொடங்கிவிடுவார், பரிமாறும் ஆட்களும் குறைவாகவே தேவைப்படுவர் என்பதால் உரிமையாளர்களுக்கு இது வசதியாக இருந்தது. காத்திருக்கும் நேரத்துக்கென்று வந்த ஏற்பாடு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எதை எப்போது செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

வெள்ளி, சனி இரவுகளில் செல்வதாயின் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். சாலட் பார் முதன்மை உணவின் விலையில் அடங்குமா, தனிக் கட்டணமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சைவ உணவு உண்பவர் உடன் வருகிறார் என்றால், சாலட் பாரை மட்டும் வாங்க இயலுமா என்றும் விசாரிக்க வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்குக் கோழியும் மீனும் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் கிடைக்கும்.

அமர்ந்ததும் முதலில் இறைச்சியைச் சொல்லிவிட்டுத்தான் சாலட்டுக்கு எழ வேண்டும். பட்டியலில் காணும் பெயர்கள் இறைச்சித் துண்டின் வகைகளைக் குறிப்பவை. ரிப்ஐ துண்டில் கொழுப்பு இழையோடியிருப்பதால் சுவை மிகுதி. ஃபிலே மின்யோன் மிக மென்மையானது. ஆனால் கொழுப்பு குறைவு. நியூயார்க் ஸ்ட்ரிப் இரண்டுக்கும் இடைப்பட்டது. பிரைம் ரிப் என்பது தணலில் வாட்டும் ஸ்டேக் அன்று. விலா எலும்புப் பகுதியை முழுதாக ஓவனில் வாட்டித் துண்டு போடுவது. அதன் பெயரில் உள்ள 'பிரைம்' அமெரிக்க வேளாண் துறை வழங்கும் உயர்தர முத்திரையைக் குறிப்பதாகக் கொள்ளக் கூடாது. முத்திரை பற்றிய ஐயம் இருந்தால் பரிமாறுபவரிடம் கேட்கலாம். பட்டியலில் காணும் அவுன்ஸ் அளவு சமைப்பதற்கு முந்தைய எடை என்பதால், 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம், என்று எழுதியிருப்பது தட்டுக்கு வரும்போது குறைந்திருக்கும்.

எவ்வளவு வேக வேண்டும் என்பதே அடுத்த கேள்வி. மீடியம் ரேர் (உள்ளே சிவந்திருக்கும் அரைவேக்காடு) என்றால் நடுப்பகுதி 54 முதல் 57 டிகிரி செல்சியஸ். வெல் டன் (முழுதாக வெந்தது) என்றால் 71 டிகிரிக்கு மேல். முழுத் துண்டு ஸ்டேக்கிற்கு வேளாண் துறை பரிந்துரைப்பது 63 டிகிரியும், அதன் பின் மூன்று நிமிட ஓய்வும். நன்றாக வெந்ததையே விரும்புபவர் ஃபிலேயைத் தவிர்த்து ரிப்ஐ கேட்பது நல்லது. கொழுப்பு உருகி ஈரத்தைக் காக்கும். முடிவு செய்ய இயலவில்லையெனில் ஒரு படி குறைவாகவே சொல்லுங்கள்: குறைந்து வெந்ததை மீண்டும் தணலில் வைக்கலாம், மிகுந்து வெந்ததைத் திருத்த வழியில்லை.

இனி சாலட் பார். தட்டை எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். சிறந்தவை பெரும்பாலும் கடைசியில் இருக்கும். கீரையை அடியில் இட்டு, ஊறிய பீட்ரூட், பயறு வகைகள் போன்ற ஈரமானவற்றை ஓரமாக வைத்து, சாலட்டின் மேல் ஊற்றும் சுவைச்சாறான டிரஸ்ஸிங்கை இறுதியில் சிறிதளவு ஊற்றுங்கள். உருளைக்கிழங்கு சாலட், பாஸ்தா சாலட், ரொட்டி ஆகியவை வயிற்றை விரைவில் நிரப்பிவிடும். ஸ்டேக்கோடு சுட்ட உருளைக்கிழங்கு வெண்ணெயும் புளித்த கிரீமுமாக வரவிருக்கும்போது அவற்றை எடுப்பது வீண் என்றே கருதுகிறேன். சைவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு: சீசர் டிரஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் சேரும், சூப் இறைச்சிச் சாற்றில் செய்யப்பட்டிருக்கலாம், பீன்ஸில் பன்றி இறைச்சி கலந்திருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் புதிய தட்டை எடுப்பது சுகாதார விதி. எச்சில் தட்டோடு திரும்பக் கூடாது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் உரிய கரண்டியை அதிலேயே விட்டுவிடுங்கள். கண்ணாடித் தடுப்புக்குக் கீழே தலையை நீட்டாமல் கையை மட்டும் நீட்ட வேண்டும். குளிர் உணவு 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால், வெதுவெதுப்பாகத் தெரியும் கிண்ணத்தைத் தொடாமல் விடலாம். ஒருகாலத்தில் கீரை வாடாமலிருக்கச் சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் வேதிப்பொருளைத் தெளித்தார்கள். ஆஸ்துமா நோயாளிகள் பாதிக்கப்பட்டதால், பச்சையாக உண்ணும் காய்கனிகளில் அதைப் பயன்படுத்த 1986இல் தடை வந்தது.

இறைச்சி வந்ததும் நடுவில் ஒரு வெட்டு போட்டுப் பாருங்கள். சொன்ன பதத்தில் இல்லையெனில், பாதி உண்ட பிறகு குறை சொல்லாமல் உடனே தெரிவியுங்கள். திருப்பி அனுப்புவதை அங்கே யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மிஞ்சிய ஸ்டேக்கை வீட்டுக்குக் கட்டித் தரச் சொல்லலாம். சாலட் பாரில் எடுத்ததற்கு அந்த வழக்கம் பொதுவாக இல்லை. சாலட்டை நீங்களே எடுத்துக்கொண்டாலும் மேசையில் பரிமாறியவருக்கு 18 முதல் 20 விழுக்காடு டிப்ஸ் தருவது வழக்கம். பெரிய குழுவாகச் சென்றால் அது பில்லிலேயே சேர்க்கப்பட்டிருக்கலாம், பார்த்துவிட்டுப் பணம் செலுத்துங்கள்.